பேட் பிளேக் தவறவிடாத கச்சேரிகள்

குடிநோய் உள்ளவர்கள் தங்களுக்காக வாதாடும்போது கடைசியாக எடுத்துப் போடும் சீட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: "வேலைக்கு ஒருநாளாவது மட்டம் போட்டிருக்கேனா?" 2009 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'கிரேஸி ஹார்ட்' படத்தின் நாயகன் பேட் பிளேக்கும் இதைத்தான் சொல்கிறார். உடம்பு முடியாதபோது பாடியிருக்கிறாராம், போதையில் பாடியிருக்கிறாராம், விவாகரத்து நடந்த நாட்களிலும் பாடியிருக்கிறாராம். ஒரு கச்சேரியைக்கூட விட்டதில்லையாம். சொல்வதில் பொய் எதுவும் இல்லை. படம் முழுக்க அவர் எந்த மேடைக்கும் வராமல் இருப்பதில்லை. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. வேலை நடக்கிறவரை நோய் இல்லை என்று அவரும் நம்புகிறார், அவரை வைத்துப் பிழைக்கிறவர்களும் நம்புகிறார்கள்.

குடிகாரக் கலைஞனைப் பற்றிய படங்கள் ஏராளம். பாதிக்கு மேல் குடியைச் சோகத்தின் அலங்காரமாக வைத்திருப்பவை. இந்தப் படத்தை ஒரு நோயாளியின் கோப்பைப் புரட்டுவதுபோல அணுகலாம் என்று எனக்குத் தோன்றக் காரணம், குடியை இது ஒரு தொழிலின் அன்றாடத்துக்குள் வைத்துக் காட்டுவதுதான். சம்பளம், பயணம், தங்கும் அறை, பாட்டின் உரிமை, ரசிகர்களின் அன்பு எல்லாவற்றோடும் அது பின்னிக் கிடக்கிறது.

ஆள் யார்

வயது 57. ஊர் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன். ஒரு காலத்தில் அமெரிக்கக் கிராமப்புற மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையில் பெயர் பெற்ற பாடகர். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, கிட்டார் வாசிப்பது எல்லாம் அவரே. இப்போது 1978ஆம் வருடத்துச் செவ்ரோலெட் சபர்பன் வண்டி ஒன்றில் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஏற்றிக்கொண்டு, அமெரிக்கத் தென்மேற்கின் சிற்றூர்களில் தனியாளாகச் சுற்றுகிறார். சொந்தக் குழு கிடையாது. எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊர்ப் பையன்கள் பின்னால் வாசிப்பார்கள். முறிந்த திருமணங்கள் சில. ஸ்டீவன் என்று ஒரு மகன், வயது 28. அவனுக்கு நான்கு வயதானபோது பார்த்தது, அதற்கப்புறம் பார்க்கவில்லை. புதிதாகப் பாட்டு எழுதிப் பல காலம் ஆகிறது. சங்கிலியாகச் சிகரெட், உடல் பருமன், விஸ்கி. உண்மைப் பெயர் ஓடிஸ். அதை யாரிடமும் சொல்வதில்லை.

ஜெஃப் பிரிட்ஜஸ் இந்த ஆளாக மாறியிருக்கும் விதத்தில் அலட்டலே இல்லை. வயிறு பெல்ட்டுக்கு மேல் சரிந்திருக்கிறது. வண்டியில் ஏறினால் பெல்ட்டைத் தளர்த்திவிடுகிறார், இறங்கும்போது மறந்தும் போகிறார். மோட்டல் கட்டிலில் சட்டைப் பொத்தான்கள் திறந்தபடி, ஒரு கையில் கிளாஸ், மறு கையில் சிகரெட், எதிரே டிவி. திரைப்படக் குடிகாரர்களுக்கே உரிய தள்ளாட்டமும் குழறலும் இவரிடம் ரொம்பக் குறைவு. நாள்பட்டக் குடிப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். உடம்பு பழகிவிடும், நாக்கு குழறாது. மருத்துவத்தில் இதைத் தாங்குதிறன் என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் இதைக் 'கெட்டிக்காரத்தனமாகக் குடிக்கிறார்' என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் நோய் முற்றிவருவதன் அடையாளங்களில் இதுவும் ஒன்று.

பியூப்லோவில் ஓர் இரவு

படத்தின் முதல் பத்து நிமிடங்களே அந்த நோயாளிக் கோப்பில் பாதியை நிரப்பிவிடுகின்றன. கொலராடோ மாநிலத்துப் பியூப்லோ என்ற ஊர். நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிக்கொண்டு வந்து பார்க்கிங்கில் நிறுத்துகிறார். இறங்கியதும் முதல் வேலை, பிளாஸ்டிக் கேனில் பிடித்து வைத்திருந்த சிறுநீரைத் தரையில் ஊற்றிக் காலி செய்வது. வழியில் எங்கும் நிறுத்தாமல் வந்திருக்கிறார். கச்சேரி நடக்கப்போகும் இடத்தை நிமிர்ந்து பார்க்கிறார். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் விளையாட்டுக் கூடம் அது.

உள்ளே அவருக்கு இலவசமாகப் பவுலிங் ஆடலாம் என்கிறார்கள். பாரில் கணக்கு வைத்துக் குடிப்பதற்கு மட்டும் இடமில்லை, அது முன்பே பேசி முடிவானது. அதாவது இவருடைய குடியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதைச் சமாளிக்க ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு கச்சேரியைக் காப்பாற்றுவதற்கு, ஆளைக் காப்பாற்றுவதற்கு அல்ல.

அப்புறம் வருகிறது எனக்குப் படத்திலேயே மிகவும் பிடித்த காட்சி. கையில் பெரிதாகக் காசில்லாமல் மதுக்கடைக்குள் போகிறார். கடைக்காரர் பழைய ரசிகர், முகம் மலர்ந்துவிடுகிறது. பாட்டிலை அன்பளிப்பாகக் கொடுக்கிறார். ராத்திரி தன் மனைவிக்காக ஒரு பாட்டுப் பாட முடியுமா என்று கேட்கிறார். அந்த மனிதரிடம் துளி கெட்ட எண்ணம் கிடையாது. தன்னிடம் இருப்பதில் நல்லதை எடுத்துத் தன் நாயகனுக்குக் கொடுக்கிறார். பிளேக்கின் கல்லீரலுக்கு எதிரிகள் யாரும் இல்லை, ரசிகர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

ராத்திரி மேடையில் அந்தப் பாட்டை அந்தத் தம்பதிக்கென்று சொல்லித் தொடங்குகிறார். நடுவில் குமட்டல். பையன்களை வாசிக்க விட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஓடிக் குப்பைத் தொட்டியில் வாந்தி எடுக்கிறார். கறுப்புக் கண்ணாடி தொட்டிக்குள் விழுந்துவிடுகிறது. கைவிட்டுத் துழாவி எடுத்து, மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து பாட்டை முடிக்கிறார். கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. கணக்கில் பார்த்தால் அன்றைய கச்சேரியும் தவறவில்லை.

இவர் எவ்வளவு குடிக்கிறார்? படம் எண்ணிச் சொல்வதில்லை, நாம் ஒரு அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். 750 மில்லி விஸ்கி பாட்டிலில், 40 சதவீதம் ஆல்கஹால் என்றால், அமெரிக்கக் கணக்கில் சுமார் 17 'டிரிங்க்' இருக்கிறது. ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். ஆண்களுக்கு வாரத்துக்கு 15ஐ எட்டினாலே அதிகக் குடி என்று அந்நாட்டின் மது ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. ஒரே ஒரு பாட்டில் ஒரு வாரத்துக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. பிளேக்குக்கு ஒரு பாட்டில் ஒரு வாரம் தாங்கும் என்று படம் பார்த்த யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த விவரங்கள் எங்கிருந்து வந்தன

கதையின் மூலம் தாமஸ் காப் எழுதி 1987இல் வந்த நாவல். படமாக்கிய ஸ்காட் கூப்பர் அதுவரை நடிகர், இயக்கத்தில் இதுவே முதல் படம். உண்மையில் மெர்ல் ஹேகர்ட் என்ற கன்ட்ரி பாடகரின் வாழ்க்கையைப் படமாக்கத்தான் அவர் ஆசைப்பட்டார். உரிமைச் சிக்கலில் அது நடக்காமல் போகவே நாவலுக்கு வந்தார். நல்லதுதான் நடந்தது என்பேன். வாழ்க்கை வரலாற்றுப் படமென்றால் புகழ் ஏறுவதையும் இறங்குவதையும் வரிசையாகக் காட்டித் தீரவேண்டும். கற்பனைப் பாத்திரத்துக்கு அந்தக் கடமை இல்லை. வீழ்ச்சியெல்லாம் முடிந்து பல வருடம் கழித்துத் தொடங்க முடிகிறது.

பிரிட்ஜஸ் முதலில் மறுத்துவிட்டார். திரைக்கதை வந்தபோது பாட்டுகள் எதுவும் தயாராக இல்லை. பாடகரைப் பற்றிய படத்தில் பாட்டு சரியில்லை என்றால் எல்லாமே போச்சு என்பது அவர் எண்ணம். இசைக்கு டி போன் பர்னெட் வருகிறார் என்றதும் ஒப்புக்கொண்டார். இருவருக்கும் 1980இல் வந்த 'ஹெவன்ஸ் கேட்' படப்பிடிப்புக் காலத்திலிருந்தே பழக்கம். பர்னெட் கூட்டி வந்தவர் ஸ்டீபன் புரூட்டன். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் பர்னெட்டோடு சேர்ந்து வளர்ந்தவர், கிரிஸ் கிரிஸ்டாஃபர்சன் என்ற கன்ட்ரி பாடகருக்குப் பல்லாண்டுகள் கிட்டார் வாசித்தவர். ஊர் ஊராக வண்டியில் போய் வாசித்துப் பிழைப்பது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிரிட்ஜஸுக்குக் கிட்டார் பிடிப்பதிலிருந்து மேடையில் நிற்பதுவரை சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். படத்தின் பாட்டுகள் பலவற்றிலும் அவர் கை இருக்கிறது. தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே இதில் வேலை செய்தார். 2009 மே 9 அன்று, படம் திரைக்கு வருமுன்பே, பர்னெட்டின் வீட்டில் இறந்துபோனார். படம் அவருக்குத்தான் காணிக்கை.

பவுலிங் கூடத்தில் பின்னால் வாசிக்கும் இளம் குழுவின் தலைவனாக நடித்த ரயன் பிங்கம்தான் படத்தின் முக்கியப் பாட்டான 'தி வியரி கைண்ட்' பாட்டை பர்னெட்டுடன் சேர்ந்து எழுதியவர். படத்தின் கதைப்படி அது பிளேக் எழுதும் பாட்டு.

செலவு சுமார் 70 லட்சம் டாலர், ஹாலிவுட் கணக்கில் சில்லறைக் காசு. பெரும்பகுதியை நியூ மெக்சிகோவில் 24 நாட்களில் எடுத்து முடித்தார்கள். பெரிய மேடைக் காட்சிக்குத் துணை நடிகர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டுமே? அதற்கு வழியில்லாததால் ஆல்புகெர்கியில் டோபி கீத் என்ற உண்மையான நட்சத்திரத்தின் கச்சேரிக்கு வந்திருந்த கூட்டத்தின் முன்னாலேயே பிரிட்ஜஸும், படத்தில் இன்னொரு பாடகராக வரும் காலின் ஃபாரலும் ஏறிப் பாடிவிட்டார்கள். முடிந்த படத்தைத் திரையரங்குக்கே அனுப்பாமல் நேரே டிவிடியில் விடும் நிலைமை இருந்தது. ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனம் வாங்கி 2009 டிசம்பர் 16 அன்று வெளியிட்டது. 2010 மார்ச்சில் பிரிட்ஜஸுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர், பாட்டுக்கும் ஆஸ்கர். நான்கு முறை பரிந்துரையோடு நின்றுபோனவருக்கு ஐந்தாவது முறையில் கிடைத்தது. உலக அளவில் வசூல் சுமார் 4.7 கோடி டாலர்.

டாமி ஸ்வீட்டும் பாட்டுக் கணக்கும்

பிளேக்கின் கசப்புக்கு ஒரு முகம் இருக்கிறது: டாமி ஸ்வீட். பிளேக்கின் குழுவில் வளர்ந்து, இப்போது ஆயிரக்கணக்கானோர் முன் பாடும் நட்சத்திரம். சீடன் குருவை மிதித்துவிட்டு மேலே போய்விட்டான் என்றுதான் பிளேக் பேச்சிலிருந்து நினைத்துக்கொள்கிறோம். ஆள் நேரில் வந்தபிறகு பார்த்தால், மரியாதையான பையன். கூச்சத்தோடு நிற்கிறான். குருவுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறான். காலின் ஃபாரல் இந்த வேடத்தை அடக்கி வாசித்திருப்பது படத்துக்குப் பெரிய பலம். டாமியை வில்லனாக்கியிருந்தால் பிளேக்கின் குடிக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். குடிநோய்க்கு எப்போதும் ஒரு துரோகி தேவை, அந்தத் துரோகியைக் கதை கொடுக்க மறுக்கிறது.

ஃபீனிக்ஸில் டாமியின் கச்சேரிக்கு முன்பாடகராகப் பிளேக் போகிறார். அங்கே சவுண்ட் இன்ஜினியரோடு ஒரு சண்டை. முன்பாடகரின் ஒலியை மட்டமாக வைத்தால்தான் அடுத்து வரும் நட்சத்திரம் பிரமாதமாகக் கேட்கும், அந்தத் தந்திரம் தன்னிடம் வேண்டாம் என்று கறாராக நின்று, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிசெய்ய வைக்கிறார். வாழ்க்கையில் எதையும் நேராகப் பிடிக்கத் தெரியாத மனிதர், காது விஷயத்தில் மட்டும் ஓர் இம்மி விடுவதில்லை. திறமை மிச்சமிருக்கிறது என்பதைப் படம் வசனமாகச் சொல்லாமல் இப்படி வேலையில் காட்டுகிறது. அந்தத் திறமைதான் அவரை இத்தனை வருடம் மருத்துவரிடம் போகவிடாமல் காப்பாற்றியும் வந்திருக்கிறது.

டாமி கேட்பது புதுப் பாட்டுகள். பிளேக் கேட்பது சேர்ந்து ஓர் ஆல்பம். ஏன் பாட்டு எழுதிக் கொடுப்பதைத் தோல்வியாக நினைக்கிறார் என்று புரிகிறது, மேடையில் நிற்பவனுக்குத்தான் கைதட்டல். ஆனால் பணம் வேறு கணக்கில் ஓடுகிறது. அந்தக் காலத்தில் அமெரிக்கச் சட்டப்படி, பதிவான பாட்டு ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் எழுதியவர் தரப்புக்கு 9.1 சென்ட் போய்ச் சேரவேண்டும். பத்து லட்சம் பிரதி விற்றால் 91,000 டாலர், பதிப்பு நிறுவனத்தோடு பாதி பிரித்துக்கொண்டாலும் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல். வானொலியில் ஒலித்தால் அதற்குத் தனி. பவுலிங் கூடங்களில் எத்தனை வருடம் பாடினால் இது வரும்? பாட்டு எழுதுவதுதான் அவருக்குப் பிழைக்கும் வழி. குடி அதைத்தான் முதலில் நிறுத்தியிருந்தது. பாடத் தடையில்லை, பழைய பாட்டை உடம்பே பாடிவிடும். புதிதாக எழுதத்தான் முடியவில்லை. குடித்தால்தான் கற்பனை ஊறும் என்று கலைஞர்கள் சொல்லிக்கொண்டு திரியும் கதைக்கு இந்தப் படம் கொடுக்கும் பதில் இது, சத்தமில்லாமல் கொடுக்கிறது.

சான்டா ஃபே: அடியும் அறிக்கையும்

நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயில் ஜீன் கிராடக் என்ற பத்திரிகையாளர் பேட்டி எடுக்க வருகிறார். மேகி ஜில்லன்ஹால் நடித்திருக்கிறார். விவாகரத்தானவர், நான்கு வயதில் பட்டி என்று ஒரு பையன். பேட்டி நட்பாகி, நட்பு உறவாகிறது. 57 வயதுக்காரர் மேல் முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சீக்கிரம் எப்படி ஈர்ப்பு வந்தது என்ற கேள்விக்குப் படத்தில் சரியான விடை இல்லை. ஜில்லன்ஹால் முகபாவங்களால் சமாளிக்கிறார், ஆனால் எழுத்தில் அது இல்லை. ஜீன் தனக்கென்று ஒரு வாழ்க்கை உள்ளவராக அல்லாமல், பிளேக்குக்குத் தேவைப்பட்ட நேரத்தில் வந்தவராகவே எழுதப்பட்டிருக்கிறார். படத்தின் பலவீனம் என்றால் எனக்கு இதுதான்.

பட்டியோடு பிளேக் பழகுவது மட்டும் அசல். காலையில் எழுந்து பையனுக்குப் பிஸ்கட் சுட்டுக் கொடுக்கிறார், மாவு பிசைவதைப் பார்த்தாலே பழகிய கை என்று தெரிகிறது. தன் மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது விட்டுப்போன மனிதர், அதே வயதுப் பையனோடு உட்கார்ந்திருக்கிறார். படம் இதைச் சுட்டிக்காட்டி வசனம் பேசுவதில்லை.

கச்சேரி முடிந்து ஜீனைப் பார்க்க வண்டியோட்டி வரும்போது தூங்கிப்போய்ச் சாலையை விட்டு இறங்கிவிடுகிறார். கணுக்கால் முறிவு. மருத்துவமனையில் மருத்துவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பட்டியலை வாசிக்கிறார். கணுக்கால் சரியாகிவிடும், மற்றது ஆகாது என்பதுதான் சாரம். குடியை விடவேண்டும், சிகரெட்டை விடவேண்டும், எடையைக் குறைக்கவேண்டும். பிளேக் முகத்தில் அறிந்த செய்தியைக் கேட்கும் சலிப்பு.

இன்று மருத்துவர்கள் மதுப் பயன்பாட்டுக் கோளாறுக்கு 11 அறிகுறிகள் பார்க்கிறார்கள். 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு அது. ஒரு வருடத்துக்குள் இரண்டு இருந்தால் கோளாறு, ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கடுமை. நினைத்ததைவிட அதிகமாகக் குடிப்பது, உடம்பு கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது, உறவுகள் உடைந்தும் தொடர்வது, பொறுப்புகள் தவறுவது, தாங்குதிறன் ஏறுவது, குடிக்கும் வேட்கை. பிளேக்கிடம் இவற்றைத் தேடவே வேண்டாம், வரிசையாக வந்து நிற்கின்றன. கவனிக்கவேண்டியது, 'ஒருநாளும் வேலையை விட்டதில்லை' என்பது அந்தப் பதினொன்றில் எதையும் ரத்து செய்வதில்லை.

ஹூஸ்டன்: பார் கவுண்டரில் ஒரு பையன்

ஊருக்குத் திரும்பியதும் பிளேக்குக்கு இருக்கும் ஒரே துணை வெய்ன், மதுக்கூடம் நடத்தும் பழைய நண்பர். ராபர்ட் டுவால் நடித்திருக்கிறார், படத்தின் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். வெய்ன் அட்வைஸ் மழை பொழிவதில்லை. மீன் பிடிக்கப் படகில் கூட்டிப் போகிறார். மகனுக்குப் போன் பண்ணு, காலம் கடந்துவிடவில்லை என்கிறார். பிளேக் போனும் செய்கிறார். மறுமுனையில் மகன். அம்மா இறந்துவிட்டாள் என்ற செய்தி கிடைக்கிறது. அப்பாவைப் பார்க்க விருப்பமில்லை என்கிறான். அவ்வளவுதான், போன் வைக்கப்படுகிறது. வேறு படமாக இருந்தால் கடைசிக் காட்சியில் அந்த மகன் விமான நிலையத்தில் வந்து நின்றிருப்பான். இங்கே கடைசிவரை வரவில்லை.

ஜீனும் பட்டியும் ஹூஸ்டனுக்கு வருகிறார்கள். பையனைத் தனியாக வெளியே கூட்டிப் போகிறார் பிளேக். ஷாப்பிங் மாலில் ஒரு பார். ஒரே ஒரு டிரிங்க், பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். திரும்பிப் பார்த்தால் பையன் இல்லை. அதற்குப் பின்வரும் நிமிடங்களில் பிரிட்ஜஸ் கால் இழுத்துக்கொண்டு கடை கடையாக ஓடுகிறார், குரல் கிறீச்சிடுகிறது. பாதுகாவலர்கள் பையனைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஒரு கீறல்கூட இல்லை. ஜீனுக்கு அந்தக் கீறல் இல்லாமை போதவில்லை. மகனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

இந்த இடத்தில்தான் பிளேக்கின் வாதம் உடைகிறது. கச்சேரி தவறவில்லை என்ற கணக்குப் புத்தகத்தில் இந்தப் பையனுக்குப் பக்கமே இல்லை. பிறகு வரும் இரவில் வீட்டில் குடித்துக் குடித்துக் கழிவறைத் தரையில் வாந்தியோடு கிடக்கிறார். வெய்னைக் கூப்பிட்டு, குடியை விடவேண்டும் என்கிறார்.

சிகிச்சை, படம் ஓடிப்போகும் இடம்

வெய்ன் சிகிச்சை மையத்தில் சேர்க்கிறார். வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள், சில நிமிடங்களில் ஆள் வெளியே வந்துவிடுகிறார், முகம் தெளிந்து, தாடி ஒழுங்காகி. இத்தனை நேரம் நுணுக்கமாகப் போன படம் இங்கே ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது? பல வருடம் தினமும் குடித்த உடம்பிலிருந்து மதுவைச் சட்டென்று எடுத்தால் முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் பிதற்றலும் இல்லாத உருவங்கள் தெரிவதும் உண்டு. அந்தக் கட்டம் உயிரையே எடுத்துவிடக்கூடியது. அதனால்தான் மருத்துவமனைக் கண்காணிப்பில் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்துகளையும் தயமின் என்ற வைட்டமினையும் கொடுத்து இறக்குகிறார்கள். அதன்பின் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு, இரண்டும் இந்தப் படம் வருமுன்பே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. இவற்றில் ஒன்றுக்கும் படத்தில் இடமில்லை. வீட்டிலேயே தானாக நிறுத்த முயலாமல் மையத்துக்குப் போனார் என்பது மட்டும் சரியாக இருக்கிறது.

இதே டுவால் 1983இல் வந்த 'டெண்டர் மெர்சிஸ்' படத்தில் குடிநோய் பிடித்த கன்ட்ரி பாடகராக நடித்து ஆஸ்கர் வாங்கியவர். அதில் மேக் ஸ்லெட்ஜ் என்ற அந்தப் பாடகர் டெக்சாஸில் ஒரு மோட்டல் தரையில் விழுந்து கிடந்து எழுகிறார். மோட்டலை நடத்தும் விதவைப் பெண்ணை மணக்கிறார், குடியைப் படத்தின் தொடக்கத்திலேயே விட்டுவிடுகிறார். மீதிப் படம் விட்டபிறகு எப்படி வாழ்வது என்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 'கிரேஸி ஹார்ட்' எதில் வேறுபடுகிறது என்று தெரிகிறது. மேக்குக்கு ஒரு குடும்பம் கிடைக்கிறது. பிளேக் குடியை விட்டுவிட்டு ஜீன் வீட்டு வாசலில் போய் நிற்கிறார், ஜீன் கதவைத் திறந்து பேசுகிறார், திரும்பிப் போகச் சொல்கிறார். திருந்திவிட்டதற்குப் பரிசாகப் பெண் கிடைக்கவில்லை. மன்னிப்பு வேறு, மறுபடி நம்பிக் குழந்தையை ஒப்படைப்பது வேறு என்பதில் ஜீன் தெளிவாக இருக்கிறார். முன்பு அந்தப் பாத்திரம் பலவீனமாக எழுதப்பட்டது என்றேன், இந்த ஒரு காட்சியில் மட்டும் அப்படி இல்லை.

திரைக்கு வெளியே கன்ட்ரி இசையின் கோப்புகள் இன்னும் கடுமையானவை. ஹேங்க் வில்லியம்ஸ் 1953 ஜனவரி 1 அன்று, கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின்னிருக்கையில் இறந்து கிடந்தார், வயது 29. கீத் விட்லி 1989இல் மது நஞ்சேறி 34 வயதில் போனார். ஜார்ஜ் ஜோன்ஸ் பிளேக்குக்கு நேரெதிர். கச்சேரிக்கு வராமல் போவதற்கே பட்டப்பெயர் வாங்கியவர். கார் சாவிகளை மனைவி ஒளித்து வைத்தால் புல்வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு மதுக்கடைக்குப் போனதை அவரே சொல்லியிருக்கிறார். 1999 மார்ச்சில் வண்டியைப் பாலத்தில் மோதி உயிர் தப்பியபிறகுதான் ஒரேயடியாக விட்டார், 2013 வரை வாழ்ந்தார். விபத்துக்குப்பின் மனிதன் மாறுவது சினிமாத்தனம் என்று பிளேக்கைச் சொல்வதற்கு முன் ஜோன்ஸை நினைத்துக்கொள்ளலாம். என்ன, ஜோன்ஸுக்கு அதற்கு முன் பல வருடங்களும் பல முறை விட்டுத் தொட்ட கதைகளும் உண்டு. பிளேக்குக்கு ஒரே தடவையில் நடந்துவிடுகிறது.

16 மாதம் கழித்து

பிளேக்கின் புதுப் பாட்டை டாமி மேடையில் பாடுகிறான், பிளேக் முன்பாடகராக வந்திருக்கிறார். மேடைக்குப் பின்னால் ஜீன், இப்போது பெரிய பத்திரிகையில் வேலை, விரலில் நிச்சயதார்த்த மோதிரம். பிளேக் ஒரு காசோலையை நீட்டுகிறார், அந்தப் பாட்டின் ராயல்டி. ஜீன் முதலில் வாங்க மறுக்கிறார். பட்டிக்கு 18 வயதாகும்போது கொடுக்கச் சொல்கிறார் பிளேக், கடைசியில் ஜீன் வாங்கிக்கொள்கிறார். தன் மகனுக்குக் கொடுக்க முடியாததை இந்தப் பையனுக்குக் கொடுக்கிறார் என்று வாசிக்கலாம். மகன் ஸ்டீவன் பற்றி இந்தக் காட்சியில் ஒரு வார்த்தை இல்லை.

சிகிச்சை அளித்த மருத்துவர் யாராவது இந்தக் காட்சியைப் பார்த்தால் காசோலையையும் மோதிரத்தையும் விட்டுவிட்டு வேறு சிலவற்றைத்தான் விசாரிப்பார். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களுக்குத் தொடர்ந்து போகிறாரா, போகும் ஊரெல்லாம் கச்சேரி மறுபடியும் மதுக்கூடங்களில்தானா, சிகரெட்டை விட்டாரா, ராத்திரி பாடி முடித்து மோட்டல் அறைக்குத் திரும்பும்போது கூட யார் இருக்கிறார்கள், இடையில் எத்தனை முறை சறுக்கினார், சறுக்கியபோது வெய்னுக்குப் போன் பண்ணினாரா என்று. ஒரு சறுக்கலுக்குக்கூட இந்தப் 16 மாதத்தில் படம் இடம் வைக்கவில்லை.